மாதேரான் ஏரிக்கரை உலா

நெருள் என்றும் நேரல் என்றும் இரண்டு இரயில் நிலையங்கள் உள்ளன. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர் ஒருவர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு, ஓரிடத்துக்குப் போகவேண்டியவர் மற்றோரிடத்தில் இறங்கி விழித்தால் அதில் வியப்பொன்றும் இல்லை. நெருள், கடற்கழியின் ஓரமாக நவி மும்பையில் நாம் குடியிருக்கும் ஊர். நேரல், கர்ஜத் செல்லும் இருப்புப்பாதையில் மலையடிவாரத்தில் அமைந்த சிற்றூர். ஒலியில் நெருங்கிய இவ்விரண்டு ஊர்களுக்கும் ஒலிக்கு அப்பாற்பட்ட ஓர் உறவும் உண்டு. நேரலுக்கு மேலே நிற்கும் மாதேரான் மலையின் தென்சரிவில் பெய்கின்ற மழை ஓர் அணையில் தேங்கி, நெருளில் நம் வீட்டுக் குழாய்க்கு வந்து சேருகிறது. நாள்தோறும் சோறு வடிக்கவும் காப்பி போடவும் பயன்படுகின்ற நீர் எங்கே பிறக்கிறது என்று பார்த்துவர விரும்புவோருக்கு, அந்த மலையின்மேல் மிக எளிய நடைப்பாதைகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றியே இங்குப் பேச நினைக்கிறோம்.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்களாகிய நமக்கு மலை என்றவுடன் நினைவுக்கு வருபவை உதகை, கோடைக்கானல், ஏற்காடு, குற்றாலம் ஆகியவைதாம். ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளின் விடுமுறையில் ஊருக்குப் போகிறோம்; முடிந்தால் அங்கிருந்து ஒரு மலைக்கும் போய் வருகிறோம். மற்ற நாட்களில் நம் போக்குவரவு ஒரு சிறு வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. வெற்றிலை, வாழை இலை, காப்பித்தூள் வாங்க மாட்டுங்காவுக்குச் செல்வோம். கிருத்திகை என்றால் செம்பூர் சேடா நகரில் குன்றின்மேல் நிற்கும் முருகனைக் கண்டு வருவோம். உறவினர் வீட்டு விசேஷத்துக்குத் தாராவிக்கோ முலுண்டுக்கோ போவோம். வீட்டு மாடியில் நின்றால் கிழக்கே நீலமாகத் தெரிகின்ற மலைத்தொடரை இருபது ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்தும், அதன் பெயரைக் கேட்டறியாதவர் நம்மிடையே பலர். அந்த மலை தொலைவில் இல்லை. காலையில் புறப்பட்டால் பகல் உணவுக்கு முன்பே அதன் உச்சியில் நடந்துகொண்டிருக்கலாம்.

மும்பை மாநகரத்துக்கு நீர் தரும் ஏரிகளும் அழகியவைதாம். விஹார் ஏரி 1860-ஆம் ஆண்டில் முடிந்தது. குழாய்வழிக் குடிநீர் இந்நகரத்துக்கு முதன்முதலில் வந்தது அதிலிருந்துதான். பின்னர் 1879-இல் துளசி ஏரியும், 1892-இல் தான்சா ஏரியும் வந்தன. மாட்டுங்காவிலும் தாராவியிலும் குடியேறிய நம் முன்னோர் குடித்தது இத்தகைய ஏரிகளின் நீரையே. ஆனால் விஹாரும் துளசியும் காவலுக்கு உட்பட்ட இடங்கள். விரும்பியபோது சென்று கரையில் உலாவ இயலாது. மாதேரானில் உள்ள ஷார்லட் ஏரி அப்படியன்று. அது மலையின் தலையிலே ஒரு சிறு பள்ளத்தில் அணை கட்டித் தேக்கிய நீர்நிலை. அம்மலையூரின் குடிநீர் அதுவே. அதன் கரைவரையிலும் கரையைக் கடந்தும் எவரும் நடந்து செல்லலாம்.

போகும் வழியை முதலில் சொல்லிவிடுவோம். நெருளிலிருந்து தாணேவுக்கு நேரான மின்சார இரயில் உண்டு. தாணேயில் கர்ஜத் அல்லது கோப்போலி செல்லும் வண்டிக்கு மாறி, நேரலில் இறங்கவேண்டும். செம்பூர், மாட்டுங்கா அன்பர்கள் தாதரிலோ குர்லாவிலோ கர்ஜத் வண்டியைப் பிடிக்கலாம். நேரலிலிருந்து மலையேற இரண்டு வழிகள். ஒன்று, சிறிய மலை இரயில். ஆதம்ஜீ பீர்பாய் என்ற பெருஞ்செல்வரின் பொருளுதவியால் அவர் மகன் அப்துல் உசேன் அமைத்து 1907-இல் முடித்தது இப்பாதை. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே இரண்டடி அகலந்தான். நம் நீலகிரி இரயில் உதகையைத் தொட்டது 1908-இல் என்பதை எண்ணினால், இரண்டும் ஒரே காலத்துப் பிள்ளைகள் எனலாம். 2019-இல் பெருமழையால் பழுதுற்று நின்றுபோன இந்த இரயில், 2022 அக்டோபரில் மீண்டும் ஓடத் தொடங்கியது. மழைக்காலத்தில் அடிவாரத்திலிருந்து மேலே ஏறும் வண்டி வழக்கமாக நிறுத்தப்படும். அப்போது மேலே அமன் லாட்ஜ் நிலையத்துக்கும் மாதேரானுக்கும் இடையே மட்டும் வண்டி ஓடும். மற்றொரு வழி, நேரல் நிலையத்தின் அருகில் பலர் சேர்ந்து ஏறும் வாடகைக் கார். அது செங்குத்தான வளைவுகளைக் கடந்து தஸ்தூரி என்னும் இடத்தில் நம்மை இறக்கிவிடும்.

தஸ்தூரியுடன் மோட்டார் வண்டிகளின் ஆட்சி முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் காரும் மோட்டார் சைக்கிளும் செல்லக்கூடாது. இந்தக் கட்டுப்பாடு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 2003-ஆம் ஆண்டில் நடுவண் அரசு இம்மலையையும் சூழவுள்ள நிலத்தையும் சுற்றுச்சூழல் நலிவுறும் பகுதி என அறிவித்துக் காப்பை மேலும் உறுதி செய்தது. ஆகையால் நடந்து போகிறவனே இங்கு முதல்வன். பின்னாலிருந்து ஊதும் ஒலி கேட்டு ஒதுங்கவேண்டுவதில்லை. குதிரை வந்தால் மட்டும் சற்று வழிவிட்டால் போதும். இத்தகைய ஊர் ஒன்று மும்பைக்கு இவ்வளவு அருகில் இருப்பதை நேரில் காணும்வரை நம்புவது அரிது. முதல் அரைமணி நேரம் காதுகளுக்கே அமைதி புதிதாக இருக்கும்.

மாதேரான் என்ற மராத்திப் பெயருக்குத் தலைமேல் உள்ள காடு என்று பொருள் சொல்வர். பெயர் பொருத்தமானதே. மலையின் உச்சி கூர்மையாக இராமல், மேசையைப்போல் பரந்து கிடக்கிறது. கடல் மட்டத்திலிருந்து உயரம் ஏறத்தாழ 800 மீட்டர். உதகையின் உயரத்தோடு ஒப்பிட்டால் இது பாதிக்கும் குறைவு. ஆதலின் கடுங்குளிரை எதிர்பார்த்துக் கம்பளிச் சட்டைகளைச் சுமக்கவேண்டியதில்லை. உச்சியை அடைந்துவிட்டால் பாதைகள் பெரும்பாலும் சமதளமாகவே செல்கின்றன. முழங்கால் வலியுள்ள பெரியவர்களும் பத்து வயதுப் பிள்ளைகளும் நடக்கத் தக்க மலை இது. அருவிகளின் பக்கவாட்டில் கயிறு கட்டி ஏறுகின்ற வீரச்செயல்களை நாடுவோருக்கு இப்பகுதியில் வேறு குன்றுகள் பல உண்டு.

நிலத்தின் அமைப்பைச் சிறிது அறிந்துகொண்டால் நடையில் சுவை கூடும். தக்காணத்தின் இப்பகுதி முழுவதும் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி இறுகிய கரும்பாறை. மாதேரானின் உச்சியில் மட்டும் அதன்மேல் ஒரு செந்நிறப் போர்வை உண்டு. நாம் செம்பூராங்கல் என்று சொல்கிறோமே, அந்தக் கல்லும் அது உதிர்ந்த மண்ணும்தாம் அப்போர்வை. பாதையெல்லாம் செம்மண்ணாக இருப்பதும், மாலையில் வீடு திரும்பும்போது நம் வேட்டியும் காற்சட்டையும் முழங்கால்வரை செம்மை பூண்டிருப்பதும் அதனாலேயே. நுண்துளைகள் நிறைந்த இக்கல் மழைநீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கீழேயுள்ள கரும்பாறையைத் தொட்டவுடன் அந்நீர் பக்கவாட்டில் ஊற்றாகக் கசியும். மாதேரானின் பழைய ஊற்றுகள் இவ்வாறு பிறந்தவை. கோடை முற்றினால் அவை மெலிந்துவிடும். அதனால்தான் மலைமேல் வாழ ஏரி ஒன்று வேண்டியதாயிற்று.

இனி நடையைத் தொடங்குவோம். மாதேரான் இரயில் நிலையத்தை ஒட்டிய கடைத்தெருவிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் செம்மண் பாதையில் அரைமணி நேரம் நடந்தால் ஷார்லட் ஏரி வந்துவிடும். இருபுறமும் மரங்கள் கவிந்திருப்பதால் நடுப்பகலிலும் வெயில் உறைப்பதில்லை. மரங்களுள் பல நமக்குப் பழக்கமானவை. நாவல் இருக்கிறது, கடுக்காய் மரமும் இருக்கிறது. இவற்றோடு மராத்தியர் அஞ்சனி என்று அழைக்கும் ஒரு குறுமரம் எங்கும் அடர்ந்து நிற்கிறது. தடித்துப் பளபளக்கும் சிறிய இலை, முறுக்கேறிய கொம்புகள், கடினமான கட்டை. பின்பனி முடிந்து இளவேனில் வரும்போது அதன் கொம்புகளை ஒட்டியே நீலப்பூக்கள் கொத்துக்கொத்தாக மலரும். அம்மரம் வேறொன்றுமன்று, நம் பழைய இலக்கியங்களில் முல்லை நிலத்துக்கு உரியதாகப் பேசப்படுகின்ற காயா மரந்தான். காயாம்பூ வண்ணன் என்று திருமாலைப் பாடக் கேட்டிருக்கிறோம். அந்த வண்ணம் எத்தகையது என்பதை நம் பிள்ளைகளுக்குக் காட்ட, தமிழ்நாட்டிலேயே இன்று தேடவேண்டியிருக்கிறது. நெருளிலிருந்து போய்வரும் தொலைவில் ஒரு காடு நிறைய அது பூக்கிறது.

மரங்களின் இடையே முதலில் நீரின் ஒளி தெரியும். பிறகு ஏரியே தெரியும். பெரிய ஏரியன்று. மேட்டூரையோ வைகை அணையையோ பார்த்த கண்களுக்கு ஊர்க்குளம் போலவே தோன்றும். மூன்று பக்கமும் காடு. ஒரு பக்கம் கல்லணை. மழைக்காலத்தில் ஏரி நிறைந்து, அணையின்மேல் வழிந்து, அப்பால் பள்ளத்தாக்கில் விழும் ஓசையைத் தொலைவிலேயே கேட்கலாம். ஏரியின் அருகில் மரநிழலில் பிசர்நாத் கோயில் இருக்கிறது. சிவபெருமானே மாதேரானின் ஊர்த்தெய்வம். பெரிய கோபுரமும் மண்டபமும் இல்லாத எளிய கோயில். நீர்நிலை ஓரத்தில் ஊர்க்காவல் தெய்வத்தை வைப்பது நம் ஊர் ஏரிக்கரைகளிலும் உள்ள வழக்கமாதலின், அங்கே நிற்கும்போது வேற்றூரில் நிற்பதாக நமக்குத் தோன்றுவதில்லை.

இங்கு ஒரு செய்தியை நினைவில் கொள்ளவேண்டும். உதகை ஏரி 1824-இல் ஜான் சல்லிவன் காலத்தில் அமைந்தது. கோடைக்கானல் ஏரி 1863-இல் லெவிஞ்சு என்பவரால் உருவானது. உதகை ஏரியில் காலப்போக்கில் நகரத்தின் கழிவுநீர் கலந்து, அதன் நீர் குடிக்கத் தகாததாகிவிட்டது. இன்று அது படகு விடும் ஏரியாகவே நிற்கிறது. ஷார்லட் ஏரி இன்னும் குடிநீர் ஏரியாகவே இருக்கிறது. ஆகையால் அதில் கால் நனைப்பதும், சோற்றுப்பாத்திரம் கழுவுவதும், பிள்ளைகளை இறக்கி விளையாட விடுவதும் கூடா. நீந்தத் தெரியும் என்ற துணிவில் இறங்கி ஆழத்திலும் சேற்றிலும் சிக்கி உயிர் துறந்த இளைஞரும் உண்டு. அம்மலையூருக்கு இந்த ஏரி ஒன்றே போதுவதில்லை. அடிவாரத்து உல்லாஸ் ஆற்றிலிருந்தும் நீரை இயந்திரத்தால் மேலேற்றிக் கொணர்கிறார்கள். மழை கொட்டும் மலைக்குக் கீழிருந்து நீர் ஏற்றுவது விந்தையாகத் தோன்றலாம். சென்னை ஓராண்டில் பெறும் மழையை மாதேரான் ஆடி மாதம் ஒன்றிலேயே பெறுவதுண்டு. ஆயினும் பெய்தது எல்லாம் சரிவில் இறங்கி ஓடிவிடுகிறது. மலையுச்சியில் வாழ்வோருக்கு மிஞ்சுவது ஏரி பிடித்துவைத்த அளவே.

ஏரியிலிருந்து பாதைகள் கிளைக்கின்றன. அணைக்கு ஒரு புறம் எதிரொலி முனை. மறு புறம் லார்டு முனை. மலையின் விளிம்பில் பாறை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களை இங்கு முனை என்ற பொருள்படப் 'பாயிண்ட்' என்றே அழைக்கிறார்கள். அத்தகையவை முப்பதுக்கும் மேல் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடக் குதிரைமேல் விரைந்தால் ஒன்றும் மனத்தில் நிற்காது. ஏரி, லார்டு முனை, திரும்பி எதிரொலி முனை, அங்கிருந்து விளிம்பை ஒட்டி லூயிசா முனை, பின்னர்க் கடைத்தெரு என்று ஒரு வட்டமாக நடந்தால், இடையிடையே உட்கார்ந்து எழுந்தும் மூன்று நான்கு மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஏற்றம் மிகச் சிறிது. எதிரொலி முனையில் பிள்ளைகள் தத்தம் பெயரைக் கூவிப் பார்ப்பர். எதிர்ப்புறப் பாறை தமிழ்ப் பெயரையும் பிழையின்றித் திருப்பிச் சொல்லும்.

லூயிசா முனையில் சற்று நேரம் உட்காரவேண்டும். எதிரே பிரபல்கட் கோட்டை நிற்கும் மலை. நடுவே ஆழ்ந்த பள்ளத்தாக்கில் காடி ஆறு மேற்கு நோக்கிப் பன்வேல் கழிக்குச் செல்கிறது. இம்மலையை நாற்புறமும் கூரை இறங்கிய ஒரு வீடாக எண்ணிப் பார்க்கலாம். மேற்குச் சரிவின் மழை காடி ஆற்றில் சேர்ந்து பன்வேலுக்குப் போகிறது. கிழக்குச் சரிவின் மழை உல்லாஸ் ஆற்றுக்குப் போகிறது. தெற்குச் சரிவின் மழை தாவரி என்னும் சிற்றாற்றில் இறங்குகிறது. ஒரே மேகம் கூரையின் எப்பக்கத்தில் பொழிந்தது என்பதைப் பொறுத்து, பன்வேல்வாசிக்கோ, கல்யாண்வாசிக்கோ, நெருள்வாசிக்கோ அந்நீர் உரியதாகிறது.

நெருளின் நீரைக் காணவேண்டுமானால் இரண்டாம் நடையை மேற்கொள்ளவேண்டும். கடைத்தெருவிலிருந்து தெற்கே, மலையின் கடைக்கோடியில், ஒற்றைமரக் குன்று என்று பொருள்படும் பெயருடைய ஒரு முனை இருக்கிறது. போவதற்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. பாதை ஏரிப்பாதையைவிடச் சிறிது கரடுமுரடு, எனினும் கடினமன்று. 1850-ஆம் ஆண்டு மே மாதத்தில், தாணே மாவட்டக் கலெக்டராயிருந்த ஹியூ மாலெட் என்ற ஆங்கிலேயர், அடிவாரத்துச் சௌக் என்ற ஊரில் தங்கியிருந்தபோது இப்பக்கமாகவே மலையேறினார். மாதேரானைக் 'கண்டுபிடித்தவர்' என்று நூல்கள் அவரைக் குறிக்கின்றன. ஆனால் டாக்கர், காத்கரி, தன்கர் முதலிய மலைமக்கள் அவருக்கு நெடுங்காலம் முன்பே இச்சரிவுகளில் வாழ்ந்தவர்கள். வழி அவர்களுடையது, பெயர் மட்டும் கலெக்டருடையதாயிற்று.

அம்முனையில் நின்று தெற்கே நோக்கினால் கீழே ஒரு பெரிய நீர்ப்பரப்பு விரிந்து கிடக்கும். அதுவே மோர்பே அணையின் நீர்த்தேக்கம். தாவரி ஆற்றைத் தடுத்து, காலாப்பூர் வட்டத்தில் கட்டப்பட்டது. நவி மும்பை மாநகராட்சி மாநில அரசிடமிருந்து அதனை விலைக்கு வாங்கித் தன்னுடையதாக்கிக்கொண்டது. சொந்த அணை உடைய மாநகராட்சி என்று நம் ஊருக்கு ஒரு பெருமை இருப்பது இதனால்தான். பக்கத்து நகரங்களில் கோடையில் குடமேந்தி நிற்கும்போதும் நெருளில் குழாய் வற்றாமல் வருவதற்கு இந்த நீர்த்தேக்கமே பெரிதும் காரணம். வீட்டில் குழாயைத் திறந்து மூடும்போது நினைவுக்கு வராத அந்த நீர், அங்கிருந்து பார்க்கும்போது நம் கண்முன் ஓர் இடமாகவும் மலையாகவும் மழையாகவும் தெரிகிறது.

அதே காட்சியில் இன்னொன்றும் தெரியும். நீர்ப்பரப்புக்கு மேற்கே இர்ஷால்கட் என்ற கூரிய குன்று நிற்கிறது. அதன் சரிவில் இர்ஷால்வாடி என்று ஓர் ஊர் இருந்தது. டாக்கர் பழங்குடியினர் வாழ்ந்த சிற்றூர் அது. வண்டி செல்லும் சாலை அதற்கு இல்லை. 2023 ஜூலை 19-ஆம் நாள் இரவு, இடைவிடாத மழையில் குன்றின் ஒரு பகுதி சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த ஊரின்மேல் விழுந்தது. மீட்புக்கு வந்தவர்கள் மழையிலும் சேற்றிலும் கால்நடையாகவே ஏறவேண்டியிருந்தது. பெரிய இயந்திரங்களை மேலே கொண்டுசெல்ல இயலவில்லை. நான்கு நாட்கள் தேடியபின் 27 உடல்கள் கிடைத்தன. 57 பேர் கிடைக்கவே இல்லை. தேடுதல் நிறுத்தப்பட்டது, அவர்கள் அந்த மண்ணுக்குள்ளேயே இருக்கிறார்கள். உயிர் தப்பியவர்கள் சௌக்கு அருகில் குடியமர்த்தப்பட்டார்கள்.

அந்த இரவு பெய்த மழையும் மோர்பே நீர்த்தேக்கத்தில்தான் சேர்ந்தது. அவ்வாண்டு ஏரி நிரம்பிவரும் செய்தியைக் கேட்டு நாம் மகிழ்ந்தோம், மகிழ்ந்ததில் தவறில்லை. ஆயினும் நமக்கு நீராக வந்த மழை மலைமேல் வாழ்ந்தவர்களுக்கு என்னவாக வந்தது என்பதை அறியாமலேயே மகிழ்ந்திருப்பது தகாது. அணை எழுந்தபோது நிலமும் வீடும் விட்டுப் பெயர்ந்த சிற்றூர் மக்களும் உண்டு. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவர்கள் நாம். தாராவிக்கு முதலில் வந்த திருநெல்வேலிச் சீமைத் தமிழர்களிலிருந்து, நேற்று வாஷியில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்வரை, விட்டுவந்த வீட்டின் நினைவு என்ன செய்யும் என்பதை நாம் அறிவோம். ஆகையால் அவர்களை எண்ணிப் பார்ப்பது நமக்கு அரிதன்று. எண்ணிப் பார்க்க ஓர் இடம் வேண்டும். அந்த முனை அத்தகைய இடம்.

தாமிரவருணிக் கரையில் பிறந்த ஒருவர், எந்நாட்டில் இருந்தாலும், ஆற்றின் பிறப்பிடம் பொதிகை என்று சொல்லும்போது குரலில் ஒரு பெருமிதம் தோன்றுவதைக் கேட்டிருக்கிறோம். ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் சென்று நீராடுவதை ஒரு கடமையாகவே கொள்வர். காவிரிக் கரையார் பதினெட்டாம் பெருக்கன்று கலந்த சோறு கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவர். வளர்த்த நீருக்கு ஆண்டுக்கொருமுறை வணக்கம் சொல்லிவரும் நற்பழக்கம் அது. பல ஆண்டுகளாக நம்மையும், இங்கேயே பிறந்த நம் பிள்ளைகளையும் வளர்த்துவரும் நீர் தாவரி ஆற்றின் நீர். அதன் பெயரையே நம் வீடுகளில் எவரும் சொல்லிக் கேட்டதில்லை. பொதிகையை மறக்கவேண்டும் என்பதில்லை. அதனோடு மாதேரானையும் நம் மலைகளின் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்பதே நம் கருத்து.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஐப்பசி தொடங்கி மாசிவரை உள்ள காலம் நடைக்கு மிகவும் ஏற்றது. காயாம்பூவைக் காண விரும்புவோர் மாசி பங்குனியில் போகலாம். மழைக்காலத்தில் மலை மிக அழகாகத்தான் இருக்கும். ஆனால் செம்மண் வழுக்கும், மூடுபனியில் விளிம்பு எங்கே என்று தெரியாது. அக்காலத்தில் செல்ல விரும்புவோர் ஏரிவரையில் மட்டும் போய்த் திரும்புதல் நலம். கால்நடை எச்சரிக்கைப் பலகை வைத்துள்ள பாதையில் துணிவு காட்டவேண்டாம். தேய்ந்த செருப்பு உதவாது. பிடிப்புள்ள காலணி வேண்டும். குரங்குகள் மிகுதி, கையில் பொட்டலம் தெரிந்தால் பறித்துக்கொள்ளும். எலுமிச்சம்பழச் சோறும் தயிர்ச்சோறும் கொண்டுபோகிறவர்கள் அவற்றை எவர்சில்வர் தூக்கில் கொண்டுபோய், தூக்கிலேயே எச்சத்தையும் திரும்பக் கொண்டுவந்துவிடுவது நன்று. மலைமேல் எறியப்படும் ஒவ்வொரு பிளாஸ்டிக் உறையையும் அடுத்த மழை ஏதேனும் ஓர் ஏரிக்குள் இழுத்துச் செல்லும். தெற்குச் சரிவில் எறிந்தது நம் வீட்டுக் குடிநீரை நோக்கியே பயணம் புறப்படுகிறது.

மலைமேல் நமக்கு உதவுகிறவர்களைப் பற்றியும் ஒரு சொல். மோட்டார் இல்லாத ஊரில் சுமை எல்லாம் மனிதர் தோளிலும் குதிரை முதுகிலும்தான் ஏறுகிறது. மனிதரை மனிதர் இழுக்கும் கைவண்டிகளும் அங்கு நெடுங்காலம் இருந்தன. 2022 டிசம்பரில் மின்கலத்தில் ஓடும் ரிக்‌ஷாக்கள் சோதனையாக விடப்பட்டன. கைவண்டிகளை ஆறு மாதத்துக்குள் நிறுத்தவேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. சுதந்திரம் பெற்று இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னர் வந்த நல்ல ஆணை. இழுத்துப் பிழைத்தவர்களுக்கு மாற்றுப் பிழைப்புத் தருவதும் அவ்வாணையின் நோக்கம். நடக்க வலுவுள்ளவர்கள் நடப்பதே அழகு. பாதையோரத்தில் மலைமக்கள் கூடையில் வைத்து விற்கும் நாவற்பழத்தையோ களாக்காயையோ, பருவத்துக்கேற்றபடி, பேரம் பேசாமல் வாங்கிக்கொள்வோம். மராத்தியில் நான்கு சொற்களேனும் அவர்களோடு பேசுவோம். இர்ஷால்வாடியில் வாழ்ந்தவர்களும் அவர்களைப் போன்றவர்களே.

மாலை ஐந்து மணி அளவில் கடைத்தெருவிலிருந்து புறப்பட்டால் இருட்டுவதற்குள் நேரலை அடைந்துவிடலாம். வண்டியில் உட்கார இடம் கிடைத்தால் பிள்ளைகள் உறங்கிவிடுவர். தாணேயில் மாறி, நெருளில் இறங்கி, வீட்டுக்கு வந்து, கால்களிலிருக்கும் செம்மண்ணைக் கழுவக் குழாயைத் திறப்போம். அப்போது வரும் நீர் எந்த மலையிலிருந்து வருகிறது என்று பிள்ளைகளைக் கேட்டுப் பார்க்கலாம். சென்று வந்த பிள்ளைகள் விடை சொல்வார்கள்.